கொழும்புக்கு ஒரு ரோலர் கோஸ்டர்: பழைய மரமா, புது இரும்பா, இல்ல வேற ஒண்டா?

போன மாசம் வெள்ளவத்தையில ஒரு கலியாண வீட்டில என்ட கூட்டாளி ஒருத்தனைச் சந்திச்சன். ஹோட்டல், பார்க் மாதிரியான இடங்களுக்கு பிளான் கீறுறவன். கொழும்புக்குக் கிட்ட ஒரு பெரிய விளையாட்டுப் பார்க் போடலாமா எண்டு யோசிக்கிற ஆக்கள் அவனிட்ட வந்திருக்கினம், அதில நடுவில நிக்கப்போற ரோலர் கோஸ்டர் எப்பிடி இருக்கோணும் எண்டுறதில ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நிக்கினமாம். ஒரு பக்கம் பழைய காலத்து வெள்ளைப் பெயின்ட் அடிச்ச மரக் கோஸ்டர் வேணும், குடும்பம் எல்லாம் ஆசையா ஏறும் எண்டு சொல்லுது, மற்றப் பக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு போனில காட்டுறதுக்கு உலக ரெக்கோர்ட் மாதிரி ஒண்டு இல்லாட்டி ஒருத்தரும் வராயினம் எண்டு சொல்லுது. நீதானே கனடா, லண்டன் எல்லாம் போய் ஏறிட்டு வந்தனி, ரெண்டையும் வச்சுப் பாத்து எழுதித் தா எண்டு கேட்டான். அவனுக்கு எழுதினதைத்தான் இங்க கொஞ்சம் விரிவாப் போடுறன், ஏனெண்டால் இது எங்கட ஊரில ஒருக்காத்தான் எடுக்கக்கூடிய முடிவு, பிழையாப் போனா முப்பது வருசத்துக்கு அந்தப் பிழை அங்கயே நிக்கும்.

முதல்ல ஒண்டு சொல்லவேணும். பழசு எண்டு சொல்லேக்க நாங்க ஆற்ற பழசைச் சொல்லுறம்? நியூயோர்க் கோனி ஐலண்டில சைக்ளோன் எண்ட மரக் கோஸ்டர் 1927ல திறந்தது, 26 மீற்றர்தான் உயரம், இண்டைக்கும் ஓடுது. மெல்பேர்ண் லூனா பார்க்கில 1912ல கட்டின சீனிக் ரயில்வே இருக்கு, அதில இப்பவும் ட்ரெயின் நடுவில ஒரு ஆள் நிண்டுகொண்டு கையால பிரேக் பிடிக்கிறார். அங்கத்த சனத்துக்கு அதுகள் அம்மம்மா அப்பப்பாவோட போன இடங்கள். எங்களுக்கு அப்பிடி இல்லை. கொழும்பில ஒருத்தருக்கும் மரக் கோஸ்டர் ஞாபகம் கிடையாது. எங்கட அம்மாவைக் கேட்டா ஆடிவேலைப் பற்றித்தான் சொல்லுவா: செட்டியார் தெருவில இருந்து தேர் வெளிக்கிட்டு காலி வீதியால பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எண்டு வரேக்க ரோட்டோரம் முழுக்க கரும்புக் கட்டு, வளையல் கடை, சின்ன ராட்டினம், அதில ஏத்தி விடச்சொல்லி அழுதது. 83க்குப் பிறகு அது முந்தி மாதிரி இல்லை எண்டு சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருப்பா. எனக்கு ஞாபகம் வாறது காணிவேல். மரணக் கிணத்தில மோட்டச்சைக்கிள் சுத்தேக்க பலகை அதிருறது, ஜயண்ட் வீல் உச்சியில நிண்டு போய் அது ஆடேக்க சித்தப்பா என்ட தோளைப் பிடிச்சிருந்தது, கோல்ஃபேஸில இஸ்ஸோ வடையைக் கடிச்சுக்கொண்டு பட்டம் பாத்தது.

அதால வெள்ளை மரச் சட்டத்தைக் கொண்டுவந்து நிப்பாட்டினா சனத்துக்குப் பழைய ஞாபகம் வரும் எண்டு அந்த முதல் கட்சி நினைக்கிறது பாதிதான் சரி. வேற ஊர்க்காரற்ற ஞாபகத்தை நாங்க டொலர் குடுத்து வாங்குறம் எண்டுதான் எனக்குப் படுது. ஆனா மிச்சப் பாதி சரி, அதையும் சொல்லவேணும். மரக் கோஸ்டரில ஏறினவனுக்குத் தெரியும், அது நாடு பாத்து வேலை செய்யுற சாமான் இல்லை. சங்கிலி இழுத்துக்கொண்டு மேல ஏறேக்க டக் டக் டக் எண்டு ஒரு சத்தம் வரும், அது ட்ரெயின் பின்னால உருண்டு வராமத் தடுக்கிற இரும்பு நாக்கு பல்லில விழுற சத்தம், அந்தச் சத்தத்திலயே வயித்துக்குள்ள என்னமோ செய்யத் தொடங்கும். பக்கத்தில இருக்கிறவர் ஆரெண்டு தெரியாட்டிலும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிப்பம். பிறகு விழேக்க சீட்டில இருந்து ரெண்டு இஞ்சி மேல எழும்பி நிப்பம், தொடைக்கு மேல ஒரு கம்பி மட்டும்தான் பிடிச்சிருக்கும், முழுச் சட்டமும் எங்களோட சேர்ந்து ஆடும். அந்த ஆட்டம் பிழை இல்லை, மரம் கொஞ்சம் வளைஞ்சு குடுத்துத்தான் பாரத்தை வாங்குது, அதுக்கெண்டுதான் அப்பிடிக் கட்டுறது.

நான் ஏறின ஒரு பழைய மரக் கோஸ்டர், பார்க் பேர் வேண்டாம், இறங்கேக்க முதுகு ரெண்டு நாளைக்கு நொந்தது. கூட வந்த மாமி இனிக் கிட்டவும் வரமாட்டன் எண்டுட்டா. அடுத்த கிழமையே இன்னொரு இடத்தில இன்னும் பழைய ஒண்டில ஏறினன், பட்டு மாதிரிப் போச்சு. ஆக வயசு இல்லை விசயம், ஒவ்வொரு நாளும் ஆர் அதுக்குப் பின்னால நிக்கினம் எண்டுறதுதான். மரக் கோஸ்டர் ட்ராக் எண்டுறது பலகைகளை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி ஆணி, போல்ட் அடிச்சு, மேல தட்டை இரும்புப் பட்டி போட்டது. அதை ஒவ்வொரு நாள் விடியவும் ஆக்கள் காலால நடந்து பாக்கவேணும், லூசான போல்ட்டை இறுக்கவேணும், உக்கின பலகையை வெட்டி எடுத்துப் புதுசு போடவேணும். வட அமெரிக்காவில குளிர் காலம் முழுக்க பார்க் பூட்டு, அந்த அஞ்சாறு மாசத்திலதான் அவையள் ட்ராக்கைக் கழட்டித் திருப்பிப் போடுறது. எங்களுக்கு அந்தக் குளிர்காலம் இல்லை. மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர் நொவெம்பரில பின்னேரமாக இடி மின்னல், டிசம்பர் ஏப்ரலில லீவுச் சனம். மரத்தைக் காய வச்சு வேலை செய்ய எப்ப நேரம்? இதோட கறையான். கொழும்பில வீட்டு நிலைக்கதவையே வருசத்துக்கு ஒருக்கா மருந்தடிச்சுக் காப்பாத்துறம்.

இந்த இடத்தில நியாயமா ஒண்டு சொல்லோணும், கடற்கரையில மரம் நிக்காது எண்டு சொல்ல ஏலாது. பிளாக்பூலில பிக் டிப்பர் 1923ல இருந்து நிக்குது, கலிபோர்னியா சாந்தா குரூஸில ஜயண்ட் டிப்பர் 1924, ரெண்டும் கடலுக்குப் பக்கத்தில. ஆனா அங்க குளிர், இங்க வெக்கையும் ஈரமும் சேர்ந்து வருது. எங்களுக்குக் கிட்டவான காலநிலை எண்டா ஃபுளோரிடாதான், அங்க டாம்பாவில குவாசி எண்டு பெரிய மரக் கோஸ்டர் 1999ல திறந்து 2015ல பூட்டினது. கரடுமுரடாப் போச்சு, ஏறுற சனம் குறைஞ்சிட்டு, பராமரிப்புச் செலவு கூடிட்டு. பதினாறு வருசம்தான். பிறகு அதுட மரச் சட்டத்தில ஒரு பகுதியை வச்சுக்கொண்டு மேல முழுக்க இரும்பு ட்ராக் போட்டு 2022ல அயர்ன் குவாசி எண்டு திருப்பித் திறந்தினம், இப்ப ஆக்கள் அதைத் தேடிப் போகினம். ஜெர்மனியில கொலோசோஸ் எண்ட மரக் கோஸ்டரும் 2001ல திறந்து 2016ல நிண்டு, ட்ராக் புதுசாப் போட்டு 2019லதான் திருப்பி ஓடினது. அந்த மூண்டு வருசமும் பார்க் நடுவில ஓடாத ஒரு மலை. பணக்கார நாட்டு பார்க் அதைத் தாங்கும், நாங்க தாங்கமாட்டம்.

மரத்தில எனக்கு மனசுக்குப் பிடிச்ச கதை ஃபீனிக்ஸ். 1947ல டெக்சாஸ் சான் அன்டோனியோவில ரொக்கெட் எண்ட பேரில கட்டினது, அந்த பார்க் பூட்டுப்பட்டுப் போச்சு. பென்சில்வேனியாவில க்னோபல்ஸ் எண்ட குடும்ப பார்க் அதை வாங்கி, பலகை பலகையா நம்பர் போட்டுக் கழட்டி லொறியில ஏத்திக் கொண்டு போய் 1985ல திருப்பிக் கட்டினது. இண்டைக்கும் கோஸ்டர் ரசிகர்கள் உலகத்தில நல்ல மரக் கோஸ்டர் எது எண்டு கேட்டா அதைத்தான் முதல் வரிசையில சொல்லுவினம், இருபத்தைஞ்சு மீற்றர் கூட உயரம் இல்லாத ஒண்டை. ஆனா கவனிக்கோணும், அந்த பார்க்கில தச்சு வேலை தெரிஞ்ச ஆக்கள் தலைமுறையா இருக்கினம். எங்கட மொரட்டுவையில நல்ல தச்சர்மார் இருக்கினம், கை வேலையில ஆருக்கும் குறைஞ்சவை இல்லை, ஆனா ஆயிரம் பேரைச் சுமந்து ஓடுற ட்ராக் வேலை தளபாட வேலை மாதிரி இல்லை, அதைப் பழக்கி எடுக்க வருசங்கள் வேணும், அதுமட்டும் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டு ஆளுக்கு டிக்கெட்டும் ஹோட்டலும் போடவேணும்.

சரி, மற்றக் கட்சி. புதுசு.

புதுசில எனக்கு வெறுப்பு இல்லை, உண்மையாச் சொல்லப்போனா என்ட வாழ்க்கையில ஆகச் சந்தோசமான ரெண்டு நிமிசம் டொரொண்டோவுக்குக் கிட்ட கனடாஸ் வொண்டர்லாண்டில பெஹிமத்தில ஏறினது. 2008ல வந்தது, 70 மீற்றர். ஸ்காபரோவில இருக்கிற பெரியம்மாட மகன்தான் கூட்டிக்கொண்டு போனவன், முன் சீட்டுக்கெண்டு ஒரு மணித்தியாலம் நிண்டம், முதல் இறக்கத்தில அவன் முருகா எண்டு கத்தினது இப்பவும் காதில கேக்குது. அதே பார்க்கில 2012ல லெவயத்தன் எண்டு 93 மீற்றரில இன்னொண்டு, 2025ல அல்பன்ஃபியூரி எண்டு பார்க் நடுவில இருக்கிற செயற்கை மலைக்குள்ளால சுட்டு அனுப்புற மாதிரி ஒண்டு. ஆனா அதே இடத்தில 1981ல பார்க் திறந்த நாளில இருந்து மைன்பஸ்டர் எண்ட மரக் கோஸ்டரும் ஓடுது. புதுசு வந்தெண்டு பழசைத் தள்ளேல்லை, ரெண்டுக்கும் சனம் நிக்குது. அவையளிட்ட பதினைஞ்சுக்கு மேல கோஸ்டர் இருக்கு, அதால ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேலை செய்யலாம். எங்களுக்கு வரப்போறது ஒண்டே ஒண்டு. இந்த வித்தியாசத்தை அந்த ரெண்டு கட்சியும் மறந்துட்டுத்தான் கதைக்கினம் எண்டு நினைக்கிறன்.

ரெக்கோர்ட் எண்ட சொல்லுதான் எனக்குப் பயம். நியூ ஜெர்சியில கிங்டா கா எண்டு ஒண்டு 2005ல திறந்தது, 139 மீற்றர், மூண்டரை செக்கனில மணிக்கு 206 கிலோமீற்றர், கன வருசம் உலகத்தில ஆக உயரமானது அதுதான். 2024 கடைசியில நிப்பாட்டிப் போட்டு 2025 பெப்ரவரியில வெடி வச்சு விழுத்தினாங்கள். இருபது வருசம் கூட இல்லை. ஒஹாயோவில 2003ல வந்த டொப் த்ரில் ட்ராக்ஸ்டர் 128 மீற்றர், கட்டினதுக்கு 25 மில்லியன் டொலர், 2021ல ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு நிண்டது, வேற விதமான லோஞ்சோட, அதாவது ட்ரெயினைச் சுட்டு அனுப்புற மாதிரித் தள்ளுற முறையோட, 2024 மேயில திருப்பித் திறந்து சில நாளில சில்லுப் பிரச்சினையால நிப்பாட்டி அந்த வருசம் மிச்சம் முழுக்கத் திறக்கேல்லை. அது நிக்கிறது உலகத்தில ஆகத் தேர்ந்த கோஸ்டர் பார்க் ஒண்டில, பக்கத்தில மெக்கானிக், வேர்க்ஷொப், காசு எல்லாம் இருக்கிற இடம். ஒரு டொலர் முன்னூறு ரூபா எண்டு போட்டாலே 25 மில்லியன் டொலர் 750 கோடி ரூபா. 2022ல டொலர் இருநூறில இருந்து முன்னூத்தறுபதுக்கு ஏறேக்க மருந்து இறக்குமதிக்கே பாங்கில எல்சி (கடன் உறுதிக் கடிதம்) திறக்கக் கஷ்டப்பட்ட நாடு இது. அந்த நேரம் ஒரு சென்சர் உடைஞ்சிருந்தா எப்பிடி இறக்குமதி செய்திருப்பம்? ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட், காந்தத்தால தள்ளுற லோஞ்சுக்கு ஒரே நேரத்தில எவ்வளவு மின்சாரம் இழுக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதைச் சேமிச்சு வச்சு விடுற சாதனம் இருக்கு, நல்ல சாதனம், ஆனா அதுவும் ஒரு இறக்குமதி.

ரெக்கோர்ட்டுக்கு இன்னொரு பிரச்சினை, அது எங்களிட்ட நிக்காது. அபுதாபியில ஃபோர்முலா ரோசா 2010ல 240 கிலோமீற்றர் வேகத்தோட வந்து கன வருசம் முதலாவதா நிண்டது, வளைகுடாவில எண்ணெய்க் காசு இருக்கிற வரைக்கும் உயரத்திலயும் வேகத்திலயும் நாங்க அவையளை முந்தப்போறது இல்லை. நாங்க கட்டி முடிக்கக்குள்ளயே வேற ஆரும் ரெண்டு மீற்றர் கூடக் கட்டிப்போட்டா விளம்பரப் பலகையைக் கழட்டவேணும். புதுசு எண்டு வந்து கெதியாப் பழசாப் போனதுக்கு விஆர் கண்ணாடியும், அதான் கண்ணில மாட்டினா வேற உலகத்தைக் காட்டுற கண்ணாடி, ஒரு உதாரணம். இங்கிலாந்து ஓல்டன் டவர்ஸில 2016ல குப்புறப் படுத்துப் பறக்கிற மாதிரிப் போற ஒரு கோஸ்டருக்கு கலக்டிகா எண்டு புதுப் பேர் வச்சு எல்லாருக்கும் விஆர் மாட்டி விட்டினம். ஒவ்வொரு ஆளுக்கும் மாட்டி, துடைச்சு, சரிபாத்து முடிய வரிசை நகராது. ரெண்டு மூண்டு வருசத்தில கண்ணாடியை எடுத்திட்டினம், கோஸ்டர் இன்னும் ஓடுது.

அதே ஓல்டன் டவர்ஸில எனக்குப் படிப்பிச்சது நெமசிஸ். அங்க மரங்களுக்கு மேல ஒண்டும் தெரியக் கூடாது எண்டு கட்டுப்பாடு. உயரம் தரமாட்டம் எண்டு சொன்னதும் அவையள் பாறையை வெடி வச்சு உடைச்சுக் குழி தோண்டி, ட்ராக்கை அந்தக் குழிக்குள்ளால விட்டினம், கால் தொங்கத் தொங்கப் பாறைக்குக் கிட்ட கிட்டப் போறது. 1994ல திறந்தது. உயரம் இல்லாத ஒண்டு, ஆனா முப்பது வருசமா இங்கிலாந்தில ஆகப் பேசப்பட்டது. பிறகு ட்ராக் வயசு போனதும் என்ன செய்தினம்? 2022 நொவெம்பரில பூட்டி, அதே கோட்டில அதே வளைவோட புது இரும்பு போட்டு 2024 மார்ச்சில திறந்தினம். நெதர்லாந்தில எஃப்டெலிங் பார்க்கில 1981ல வந்த பைதனுக்கும் 2018ல இப்பிடித்தான், பழைய வழி, புது ட்ராக். ஏறுற ஆள் தன்ட சின்ன வயசில ஏறின அதே வளைவில ஏறுறான், கீழ நிக்கிற மெக்கானிக்குக்கு எல்லாம் புதுசு. எனக்கு இந்தச் சண்டைக்கு விடை இங்கதான் கிடைச்சது. சனம் பாக்கிற, கேக்கிற, பயப்படுற இடத்தில எல்லாம் பழசு இருக்கட்டும், தேயுற, உடையுற, துருப்பிடிக்கிற இடத்தில எல்லாம் ஆகப் புதுசு இருக்கட்டும். இதை மாத்திப் போட்டுத் தலைகீழாச் செய்தால் என்ன நடக்கும் எண்டதுக்கு சன் ஒஃப் பீஸ்ட் இருக்கு: 2000ல ஒஹாயோவில 60 மீற்றருக்கு மேல மரத்தில கட்டி, அதில தலைகீழாச் சுத்துற லூப்பும் வச்சு, பாரத்தை மரம் தாங்காம 2006ல சட்டம் உடைஞ்சு ஆக்கள் காயப்பட்டு, 2009ல நிண்டு 2012ல இடிச்சாச்சு.

கூட்டாளிட லிஸ்டில மூண்டாவதா ஒண்டு இருந்தது, செகண்ட்ஹாண்ட். வெளியில பூட்டுற பார்க்கில இருந்து பாவிச்ச கோஸ்டரை வாங்கிக் கொண்டுவாறது. ஜப்பான் ரீகண்டிஷன் வாகனத்திலயே வளர்ந்த சனம் நாங்கள், அதால இது கேக்க நல்லா இருக்கும். ஃபீனிக்ஸும் செகண்ட்ஹாண்ட்தானே. ஆனா விற்பனைக்கு வாறது கனக்க ஒரே மாதிரி எல்லா நாட்டிலயும் நிக்கிற மொடல், தோள் கம்பியில தலை அடிபடுற வகை, பார்ட்ஸும் செய்யிறதை நிப்பாட்டியிருப்பினம். விலை மலிவு எண்டதைத் தவிர எனக்கு ஒரு நன்மையும் தெரியேல்லை.

இனி நான் எழுதிக் குடுத்தது.

எங்களுக்கு எண்டு ஒரு ரோலர் கோஸ்டர் ஞாபகம் இல்லை எண்டு மேல சொன்னன், அது முழுக்கச் சரி இல்லை. கோட்டையில ட்ரெயின் ஏறி பதுளைக்குப் போன ஆக்களுக்கு இருக்கு. கடுகண்ணாவையில ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் ஒண்டுமே இல்லாத பள்ளம், பெட்டி வளைவில சாயேக்க முன் எஞ்சினை ஜன்னலால காணுறது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ள போனதும் பெட்டியில இருக்கிற பெடியள் எல்லாம் சேர்ந்து ஊவெண்டு கத்துறது, இருட்டில ஆர் கத்துறது எண்டு தெரியாது, எல்லாரும் கத்துவம். பட்டிப்பொலையில 1,891 மீற்றர், காதடைக்கும். பிறகு ஒன்பது வளைவுப் பாலம். கடைசியா தெமோதரை, அங்க பாதை வளைஞ்சு சுத்தி வந்து அதே ஸ்டேசனுக்குக் கீழால சுரங்கத்துக்குள்ள போகுது. ஸ்டேசன்ல நிண்டு கீழ பாத்தா நாங்க வந்த ட்ரெயினே காலுக்குக் கீழால போறது மாதிரி. ஒரு கோஸ்டர் டிசைனர் கீறினது மாதிரித்தான் அது இருக்கு.

இதில இன்னொரு அழகு இருக்கு. ரோலர் கோஸ்டரிட வேரே ட்ரெயின்தான். பென்சில்வேனியாவில 1827ல நிலக்கரி இறக்கப் போட்ட சரிவுப் பாதையில பிறகு சனம் காசு குடுத்து ஏறத் தொடங்கினது, அதைப் பாத்துத்தான் லாமார்கஸ் தொம்சன் 1884ல கோனி ஐலண்டில அஞ்சு சதத்துக்கு ஒரு கோஸ்டர் விட்டார், வேகம் மணிக்கு பத்துக் கிலோமீற்றர் மட்டில். பிறகு சுரங்கம், கீறின மலைக்காட்சி எல்லாம் வச்சு சீனிக் ரயில்வே எண்டு கொண்டு வந்தார். அவர் பலகையில கீறி வச்ச மலைகள் எங்களிட்ட உண்மையாவே இருக்கு. ஆக மலைநாட்டு ட்ரெயின் கோஸ்டர் எண்டு ஒண்டு கட்டினா, அது எங்கட பழசாகவும் இருக்கும், கோஸ்டரிட ஆகப் பழைய வடிவமாகவும் இருக்கும், வேற நாட்டில ஒருத்தரும் எங்களை விடக் கூடக் கட்டி முந்தவும் ஏலாது.

எப்பிடி எண்டா, ஸ்டேசன் மேல, ட்ராக் ஒரு சுத்துச் சுத்தி வந்து ஸ்டேசனுக்குக் கீழால போகவேணும், வரிசையில நிக்கிற சனம் காலுக்குக் கீழ ட்ரெயின் போற அதிர்வை உணர்ந்து கொண்டே நிக்கும். முதல் ஏத்தம் சங்கிலிதான், அந்த டக் டக் சத்தத்தை இப்ப அடக்குற வழி இருக்கு, அடக்க வேண்டாம் எண்டு சிவப்புப் பேனையால எழுதிக் குடுத்திருக்கிறன். நடுவில வேகம் கூட்ட மோட்டர் பூட்டின டயர்கள், வரிசையா வச்சுத் தள்ளுறது, டயர் தேஞ்சா எங்கட மெக்கானிக்மாரே மாத்தலாம், கரண்ட் போனா ஜெனரேட்டரில தாங்கும். இருட்டுச் சுரங்கத்துக்குள்ள ட்ரெயின் சிக்னலுக்கு நிக்கிற மாதிரி நிக்கட்டும், அப்ப ட்ராக்கே ஆக்களோட சேர்த்துத் தொபுக்கெண்டு கீழ விழட்டும். இது புதுத் தொழில்நுட்பம்தான், ஓல்டன் டவர்ஸில தேர்ட்டீன் எண்ட கோஸ்டரில 2010ல இருந்து இருக்கு. முழுக் கோஸ்டரிலயும் நான் இறக்குமதிக்குச் சம்மதிக்கிற ஒரே ஆடம்பரம் அந்த ஒரு இடம்தான், ஏனெண்டால் சிங்கமலைச் சுரங்கத்தில எல்லாரும் சேர்ந்து கத்துற அந்தக் கத்தலை வேற ஒண்டாலயும் கொண்டுவர ஏலாது. உயரம் இருபது மீற்றருக்குக் கிட்ட, வேகம் எண்பதுக்குள்ள. காணாது எண்டு ரெண்டாவது கட்சி சொல்லும். ஓர்லாண்டோவில 2019ல வந்த ஹக்ரிட் மோட்டர்பைக் கோஸ்டர் அவ்வளவுதான், ஆக வேகமான இடத்தில மணிக்கு எண்பது, ஆனா ஏழு தரம் தள்ளும், பின்னால ஓடும், ட்ராக் விழும், திறந்த நாளில சனம் பத்து மணித்தியாலம் வரிசையில நிண்டது.

ஒண்டு மட்டும் கண்டிப்பா எழுதிக் குடுத்தன். மலைநாட்டை வடிவான தேயிலைப் படமா மட்டும் வச்சுக் காட்டாதீங்கோ. அந்தப் பாதை 1864ல அம்பேபுஸ்ஸ வரைக்கும், 1867ல கண்டி, 1924ல பதுளை எண்டு போனது கோப்பியும் தேயிலையும் கீழ இறக்க, அந்தத் தோட்டங்கள்ல உழைச்சது இந்தியாவில இருந்து வந்த எங்கட மலையகச் சனம். வரிசை நிக்கிற சுவரில அவையளிட கதை இருக்கவேணும், அந்த வேலையை மலையகத்து ஆக்களிட்டயே குடுக்கவேணும். ஸ்டேசன் அறிவிப்பு மூண்டு மொழியிலயும் வரட்டும், தமிழை கடைசியில பிழையா எழுதி ஒட்டாம.

இடம் எண்டு வரேக்க, போர்ட் சிட்டிப் பக்கம் ஆசை காட்டுறாங்கள் எண்டு சொன்னான். கடல் உப்புக் காத்தில கல்வனைஸ் பண்ணின இரும்பும் அடிக்கடி பெயின்ட் கேக்கும், போல்ட் தலைகள் முதல்ல போகும். ஹங்வெல்லப் பக்கம் மாதிரி உள்ளுக்குப் போனா உப்புக் குறைவு, நிலத்தில மேடு பள்ளம் தானாவே இருக்கு, நெமசிஸ் மாதிரி நிலத்தோட ஒட்டி ஓட விடலாம், கோபுரம் மாதிரி தூண் கட்டத் தேவையில்லை. கொழும்பில இருந்து பஸ்ஸில போகக் கூடிய தூரம். நான் உள்ளுக்குத்தான் போட்டன்.

மிச்சம் சின்ன விசயங்கள், ஆனா இதுகளிலதான் எங்கட சனம் ஏறுமா ஏறாதா எண்டு முடிவாகும். வரிசை முழுக்கக் கூரை, மழை வந்தா கலைஞ்சு ஓடாம நிக்கிற மாதிரி. உயர எல்லை ஒரு மீற்றர் சொச்சத்தில நிண்டா ஆறு ஏழு வயசுப் பிள்ளை ஏறலாம். சீட் கொஞ்சம் அகலமா, பக்கத்தில இருக்கிற ஆளின்ட கையைப் பிடிக்கக் கூடிய மாதிரி, தோளுக்கு மேல கம்பி வேண்டாம், தொடைக் கம்பி காணும். சீலை உடுத்து வாற அம்மாமாருக்கு மடிச்சுச் செருக ஒரு துணிப் பட்டி குடுக்கலாம், செருப்புக்கு ஒரு கூடை, இதுக்கு ஒண்டும் பெரிய செலவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பூட்டிப் பராமரிக்கிறது எண்டு முதல் நாளே எழுதி ஒட்டவேணும், லீவு நாள் வந்தாலும் மாத்தக் கூடாது.

கூட்டாளி வாசிச்சிட்டு கோல் எடுத்தான், ரெண்டு கட்சிக்கும் கோவம் வரும் எண்டான். பிறகு தெமோதரைப் படத்தை அனுப்பி, ஸ்டேசனுக்குக் கீழால போக எத்தினை மீற்றர் இடைவெளி விடவேணும் எண்டு கேட்டான். கை தூக்கினாலும் இடிபடாத அளவு, அதுக்கு மேல ஒரு இஞ்சியும் விடவேண்டாம் எண்டு சொன்னன்.